.308 ரைஃபிள் பாதியில் நின்றால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். புதிதாக வாங்கிய ஏஆர்-10 வகை ரைஃபிள் (.308 தோட்டாவைச் சுட்டு, அந்த வாயுவின் விசையால் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) மூன்றாவது தோட்டாவிலேயே நின்றுவிட்டது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட் எந்த இடத்தில் நின்றது, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு எங்கே விழுந்தது, தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் அடுத்த தோட்டா எப்படி இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் எதையும் பார்க்கவில்லை. பதற்றத்தில் கைப்பிடியை இழுத்து எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டார். நாடி பார்ப்பதற்கு முன்பே மருந்து கேட்பது போன்ற நிலை அது.

டெக்சாஸில் .308 வின்செஸ்டர் ரைஃபிளோடு பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: துப்பாக்கி நின்ற கணத்தில் அது இருந்த நிலையும், வெளியே விழுந்த பித்தளைக் கூடும் பெரும்பாலான காரணங்களைச் சொல்லிவிடும். அந்த இரண்டையும் கலைத்துவிட்டால் மிஞ்சுவது ஊகம்தான். ஊகத்தை நம்பிப் புதுப்புது பாகங்களாக வாங்கிக் குவித்தவர்கள் பலரை அறிவேன்.

கை வைக்கும் முன்

துப்பாக்கி நின்றுவிட்டால் குழல்வாய் இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். விரல் விசையை விட்டு விலகட்டும். போல்ட் நிற்கும் இடத்தை ஒரு பார்வை பாருங்கள், முடிந்தால் படம் எடுங்கள். பிறகு மேகசினைக் கழற்றுங்கள், அதன் பின் போல்ட்டைப் பின்னிழுத்துத் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு செய்தி. ஹெச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களின் நிலை வேறு. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிச் சுடுவதற்கும் இந்தத் தடை பொருந்தக்கூடும் என்பதால், தொடுவதற்கு முன் சட்டம் அறிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

காலிக் கூடு வெளியேறுகிறது, ஆனால் அடுத்த தோட்டா ஏறவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இது. காரணம் இரண்டு பக்கத்தில் இருக்கலாம்: வாயு போதாமல் போல்ட் முழுத் தூரம் பின்னே போகவில்லை, அல்லது மேகசின் தோட்டாவை நேரத்துக்கு மேலே தள்ளவில்லை. இரண்டையும் பிரிக்க எளிய சோதனை உண்டு. மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். சுட்டதும் போல்ட் பின்னால் பூட்டிக்கொண்டு நின்றால், அது போதுமான தூரம் பயணித்திருக்கிறது, ஆகவே மேகசினைச் சந்தேகியுங்கள். காலி மேகசினின் மேல் போல்ட் மூடிக்கொண்டால் வாயுவைச் சந்தேகியுங்கள். ஐந்து முறை இதைச் செய்து பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். ஒரு தடவை நடந்தது சான்றாகாது.

வாயு குறைவு என்று தெரிந்தால் உடனே ஸ்பிரிங்கை மாற்றத் தோன்றும். பொறுங்கள். முதலில் எண்ணெய். ஏஆர்-10 வகையில் போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியர் கனமானது, உரசும் பரப்பும் பெரியது. தொழிற்சாலையிலிருந்து வரும் புதுத் துப்பாக்கியில் இருப்பது பெரும்பாலும் துருவைத் தடுக்கும் மெல்லிய பூச்சுதான், ஓட்டத்துக்கான எண்ணெய் அல்ல. கேரியரின் பக்கத் தடங்கள், போல்ட்டின் உடல், அதைத் திருப்பும் கேம் ஊசி ஆகிய இடங்களில் தாராளமாக விடுங்கள். புதிதாக வந்த ரைஃபிள்கள் எண்ணெய் பார்த்த பிறகு, முதல் நூறு இருநூறு தோட்டாக்களில் சரியாகிவிடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து வாயு எங்கே கசிகிறது என்று பாருங்கள். கேரியரின் மேலே திருகால் பொருத்தப்பட்டிருக்கும் வாயுச் சாவியைப் (வாயு கேரியருக்குள் நுழையும் சிறு குழாய்) பிடித்து அசைத்துப் பாருங்கள். அது இம்மியும் அசையக் கூடாது. திருகின் தலையைச் சுற்றி உலோகத்தை அடித்து நெரித்திருப்பார்கள், அது சரியாகச் செய்யப்படாத திருகுகள் சூட்டில் தளரும். பிறகு போல்ட்டில் உள்ள வாயு வளையங்கள். கேரியரிலிருந்து போல்ட்டை முழுதாக வெளியே நீட்டி, போல்ட் முகம் மேசையில் படும்படி நிறுத்துங்கள். கேரியரின் எடையாலேயே அது கீழே இறங்கிவிட்டால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. கடைசியாக, குழலிலிருந்து வாயுவை வாங்கும் கட்டை இடம் பெயர்ந்திருக்கலாம். குழலில் உள்ள துளையும் கட்டையில் உள்ள துளையும் நேராக நிற்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் பாதி வாயு வழியிலேயே நின்றுவிடும். இதைச் சரிசெய்யக் கைப்பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாயுவின் அளவை மாற்றிக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு. ரூகர் 2022-இல் கொண்டுவந்த எஸ்எஃப்ஏஆர் ரைஃபிளில் நான்கு நிலைகள் இருக்கின்றன. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சுத்தம் செய்யும்போது தெரியாமல் திருப்பி மூடிவிட்டு, துப்பாக்கி கெட்டுவிட்டது என்று வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

மேகசின் பக்கத்துக்கு வருவோம். இருபது தோட்டாக்கள் கொள்ளும் மேகசினில் இருபதையும் திணித்து, மூடிய போல்ட்டின் கீழே செருகும்போது அது பூட்டிக்கொண்டது போலத் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. செருகியதும் ஒரு முறை கீழே இழுத்துப் பாருங்கள். நான் பதினெட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லா மேகசின்களிலும் மார்க்கர் பேனாவால் எண் எழுதுங்கள். மூன்றாம் எண் மட்டுமே தகராறு செய்கிறது என்று தெரிந்துவிட்டால், ரைஃபிளைப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

வாங்கிய பாகம் பொருந்தவில்லை, அல்லது பொருந்தியும் ஓடவில்லை

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இதன் சிறிய வடிவமான ஏஆர்-15 பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். யூஜீன் ஸ்டோனர் 1950-களின் நடுவில் ஆர்மலைட் நிறுவனத்தில் முதலில் வடிவமைத்தது ஏஆர்-10-ஐ. அதைச் சுருக்கிச் செய்ததுதான் ஏஆர்-15. ஆனால் சிறியதை ராணுவம் ஏற்றுக்கொண்டதால் அதன் அளவுகளுக்கு ஒரு பொது வரையறை வந்துவிட்டது. பெரியதற்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அதனால் "ஏஆர்-10" என்ற பெயரில் கடையில் தொங்கும் பாகங்களெல்லாம் ஒரே குடும்பம் அல்ல.

பெரிய பிரிவுகள் இரண்டு, இரண்டும் தயாரிப்பாளர்களின் பெயரால் வந்தவை: டிபிஎம்எஸ் வழி, ஆர்மலைட் வழி. மேல்பாகத்தின் பின்புறம் கீழ்பாகத்தோடு சேரும் இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவாக இருந்தால் டிபிஎம்எஸ் வழி, சாய்வான நேர்கோடாக இருந்தால் ஆர்மலைட் வழி. இரண்டின் குழல் நட்டின் மரை வேறு, போல்ட்டும் குழலும் ஒன்றுக்கொன்று மாறாது. டிபிஎம்எஸ் வழிக்குள்ளேயே, ஸ்கோப் மாட்டும் மேல் ரெயிலின் உயரம் இரண்டு விதம். குழலைச் சுற்றி மாட்டும் கைப்பிடிக் கூண்டை வாங்கிப் பொருத்தும்போது ரெயில் ஒரு படி ஏறி இறங்கினால் காரணம் அதுதான். மேகசினிலும் பிளவு உண்டு: இன்று அதிகம் புழங்குவது எஸ்ஆர்-25 ரைஃபிளின் அச்சு, ஆனால் பழைய ஆர்மலைட் ஏஆர்-10பி ரைஃபிள் எம்14 ராணுவ ரைஃபிளின் மேகசினை மாற்றியமைத்த வகையைக் கேட்கும்.

பொருந்துவது போலப் பொருந்தி ஏமாற்றும் பாகம் பஃபர், அதாவது பின்னே வரும் கேரியரைத் தாங்கும் கட்டை. தோள்கட்டைக்குள் இருக்கும் குழாயின் நீளமும் அதற்குள் ஓடும் பஃபரின் நீளமும் ஒரு ஜோடி. ஏஆர்-15 குட்டைக் குழாயோடு .308 கேரியரைப் போட்டால், அதற்கென்றே செய்த 2.5 அங்குலக் குட்டை பஃபர் வேண்டும். ஏஆர்-15-இன் 3.25 அங்குல பஃபரை அங்கே போட்டால் போல்ட் பின்னே போக இடம் போதாது, தோட்டா ஏறாது. குட்டை பஃபரை நீளக் குழாயில் போட்டால் நிலைமை இதைவிட மோசம்: கேரியர் வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய்க் கீழ்பாகத்தின் பின்சுவரில் அறையும். அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? கடையில் சொன்னதை நம்பி நான் ஒருமுறை தவறான பஃபரை வாங்கிப் போட்டுவிட்டு மூன்று வாரம் வாயுத் துளையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே முதல் ரைஃபிளை வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரே நிறுவனம் முழுதாகச் செய்து சோதித்து அனுப்பியதை வாங்குங்கள். அது எந்த வழியைச் சேர்ந்தது என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலிக் கூடு அறையிலேயே ஒட்டிக்கொள்கிறது

கூட்டின் விளிம்பை முதலில் பாருங்கள். விளிம்பு கிழிந்திருந்தால் அல்லது வளைந்திருந்தால், கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்தது, கூடுதான் வர மறுத்தது. பெரும்பாலும் வாயு மிகுதி: அழுத்தம் தணிந்து கூடு சுருங்குவதற்கு முன்பே போல்ட் திறக்கப் பார்க்கிறது. .308-இன் அதிகபட்ச அறை அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அந்த அழுத்தத்தில் பித்தளை சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் நேரத்தில் இழுத்தால் விளிம்புதான் கிழியும். காலிக் கூடுகள் எங்கே போய் விழுகின்றன என்றும் கவனியுங்கள். குழல் பன்னிரண்டு மணி என்றால், கூடு மூன்று நான்கு மணித் திசையில் விழுவது நலம். ஒன்று இரண்டு மணித் திசையில் வெகுதூரம் பறந்தால் வாயு மிகுதி, ஐந்து மணியில் சோம்பலாகக் காலடியில் விழுந்தால் குறைவு. வெடிச்சத்தம் குறைக்கும் சைலன்சர் மாட்டியவர்களுக்கு வாயு மிகுதி பெரும்பாலும் வரும். வாயு அளவைக் குறைக்கும் கட்டை அவர்களுக்கு உதவும்.

விளிம்பு நன்றாக இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் பிடி நழுவியிருக்கிறது. அதன் நகத்தின் அடியில் பித்தளைத் துகள் சேர்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இரண்டும் மலிவாகத் தீரும்.

மூன்றாவது காரணம் அழுக்கு. ஏஆர்-15-க்கு வாங்கிய அறை பிரஷ் இதில் வேலை செய்யாது, சிறியது. .308-க்கான பிரஷ் தனியே வேண்டும். இரும்புக் கூடுத் தோட்டாக்களை அதிகம் சுடுபவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். இரும்பு, பித்தளை போல அறைச் சுவரை இறுக அடைப்பதில்லை, கரி பின்னால் கசிந்து படியும். பிறகு பித்தளைத் தோட்டாவைச் சுடும்போது அது அந்தக் கரியில் சிக்கிக்கொள்ளும்.

ஒட்டியது சுட்ட காலிக் கூடு என்று உறுதியாகத் தெரிந்தால், குழல்வாய் வழியே துப்புரவுக் கம்பியை விட்டு மெல்லத் தட்டினால் வந்துவிடும். உள்ளே இருப்பது சுடாத தோட்டாவாக இருக்கலாம் என்ற சிறு ஐயம் இருந்தாலும் கம்பியைத் தொடாதீர்கள், தோள்கட்டையைத் தரையில் மோதி எடுக்கவும் முயலாதீர்கள். குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை

குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்க, முப்பது நொடி முழுதாகக் காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம், ஆனால் உண்டு. பிறகு தோட்டாவை எடுத்து, அதன் அடியில் ஊசி பட்டுத் தீப்பற்றும் ப்ரைமரைப் பாருங்கள். ஆழமான குழி விழுந்திருந்தால் தோட்டாவின் குறை. குழி மேலோட்டமாக இருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டியதா என்று பாருங்கள். மெதுவாகக் கையோடு விட்டால் இந்தக் கனமான போல்ட் அரைகுறையாக நின்றுவிடும். பின்னே இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள், ஸ்பிரிங்கே முன்னே அறையட்டும். மெல்லிய விசை வேண்டும் என்று சுத்தியின் ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சத்தம் மட்டும் குறைவாகக் கேட்டது

நிறுத்துங்கள். இன்னொரு தோட்டா ஏற்றாதீர்கள். வெடிமருந்து குறைந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, பின்புறத்திலிருந்து குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மற்றது.

ஒரு இழுப்புக்கு இரண்டு வெடித்தது

இதிலும் அன்றைய நாள் முடிந்தது. விசைக்குள் தேய்மானமா, போல்ட் மூடும்போதே மிருதுவான ப்ரைமர் வெடித்ததா, தோளில் தளர்வாகப் பிடித்ததால் விரலே மறுபடி அழுத்தியதா என்பதை வீட்டில் கண்டுபிடிக்க முயல வேண்டாம். தகுதியான பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்கள், ராணுவக் கடினம் உள்ள ப்ரைமரை இந்த ரைஃபிள்களில் ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம். இதில் சுடும் ஊசி தடையின்றி மிதக்கும், ஒவ்வொரு முறை போல்ட் மூடும்போதும் ப்ரைமரை லேசாகத் தொடும்.

கூட்டின் அடியைச் சுற்றிப் பளபளப்பான வளையம்

இதை அழகு என்று நினைத்துவிட வேண்டாம். கூடு அந்த இடத்தில் நீண்டு மெலிந்திருக்கிறது, அடுத்த சூட்டில் அடி தனியாகப் பிரியலாம். நுனி வளைத்த குண்டூசிக் கம்பியால் கூட்டின் உட்புறத்தைத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். மறுபடி நிரப்பிய கூடு என்றால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். புதுத் தோட்டாவிலும் வந்தால் அறையின் நீளத்தை அளக்க வேண்டும். .308-க்கு, அறைக்குள் வைத்துப் பார்க்கும் 1.630 அங்குல அளவுகோலின் மேல் போல்ட் மூட வேண்டும், 1.638 அளவுகோலின் மேல் மூடவே கூடாது. மூடினால் அந்த ரைஃபிளைச் சுடக் கூடாது.

குண்டுகள் சிதறுகின்றன

என்னை மிகவும் பாடுபட வைத்த அறிகுறி இது. 100 கெஜத்தில் நான்கு அங்குல வட்டம் விழுந்தது. குழல் கெட்டது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். ஸ்கோப்பைக் கழற்றப் போனால் அதன் அடித்தாங்கியின் நட்டு விரலிலேயே சுழன்றது. இறுக்கிச் சுட்டபோது வட்டம் இரண்டு அங்குலத்துக்குள் வந்தது. .308-இன் உதைப்பு ஏஆர்-15-இன் உதைப்பைப் போல் பல மடங்கு. சிறிய துப்பாக்கியில் ஆண்டுக்கணக்கில் அசையாத திருகுகள் இதில் ஒரே மாலையில் தளரும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, திருகின் மேல் ஒரு கோடு வரைந்துவிடுங்கள். கோடு விலகினால் கண்ணுக்குத் தெரியும்.

அதன்பின் தோட்டா. மலிவு பார்த்து எடுத்த 147 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டாவை வைத்துக் குழலை எடை போடாதீர்கள். 168 அல்லது 175 கிரெய்ன் போட்டித் தோட்டா ஒரு பெட்டியாவது சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டு வட்டத்தையும் நம்ப வேண்டாம், பத்துக் குண்டு சுட்டால்தான் உண்மை தெரியும். முதல் குண்டு மட்டும் எப்போதும் விலகி விழுந்தால், அது கையால் ஏற்றிய தோட்டா என்பதை நினைவில் வையுங்கள். மற்றவை துப்பாக்கியின் வேகத்தில் ஏறியவை, போல்ட் பூட்டும் விதம் சற்று மாறுகிறது.

மிச்சம் இருப்பது சுடுபவர். குண்டு குழலை விட்டு நீங்கும் முன்பே இந்த ரைஃபிள் அசையத் தொடங்கிவிடும், உள்ளே கனமான பாகங்களும் முன்னும் பின்னும் ஓடும். சுட்டபின் விசையை விடாமல் பின்னாலேயே பிடித்திருங்கள். ஸ்கோப்பில் இலக்கு மறுபடி அமைதியாகும்வரை கன்னத்தை எடுக்காதீர்கள். உதைப்புக்கு அஞ்சி உடல் முன்கூட்டியே துள்ளுகிறதா என்று அறிய, மேகசினில் போலித் தோட்டாக்களை இடையிடையே கலந்து நண்பரை நிரப்பித் தரச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் குழல்வாய் கீழே சாய்ந்தால் மருந்து வேண்டியது துப்பாக்கிக்கு அல்ல. நாளுக்கு நாற்பது தோட்டாவோடு நிறுத்திக்கொண்ட பிறகுதான் என் துள்ளல் போனது.

துப்பாக்கி எம்1 கேரண்ட் என்றால்

1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற இந்த ரைஃபிளை, பழைய ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் வழியாக வாங்கிய நண்பர்களும் உண்டு. இது சுடுவது .30-06 தோட்டா, .308 அல்ல. போல்ட் முரட்டுத்தனமாகப் பின்னே அறைந்தால், கூடுகள் மிகத் தூரம் பறந்தால், நீங்கள் சுடுவது இன்றைய கனமான வேட்டைத் தோட்டாவா என்று பாருங்கள். மெதுவாக எரியும் வெடிமருந்து, வாயுத் துளை அருகே அதிக அழுத்தத்தைக் கொண்டுவந்து, பக்கவாட்டில் ஓடும் நீண்ட இயக்கத் தண்டை வளைத்துவிடும். எம்1 கேரண்டுக்கு என்று பெட்டியில் அச்சிட்ட 150 கிரெய்ன் தோட்டாவையே வாங்குங்கள். வளைந்த தண்டுக்கு மாற்று தேடுவது இப்போது எளிதல்ல, மலிவும் அல்ல.

என் நண்பரின் ரைஃபிளுக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை இருவரும் சுடுதளத்துக்குப் போனோம். ஒற்றைத் தோட்டா சோதனையில் ஐந்துக்கு ஐந்து முறையும் போல்ட் பின்னால் பூட்டி நின்றது. அவரிடம் இருந்த மேகசின்கள் இரண்டில், துப்பாக்கியோடு வந்தது எண்பது தோட்டாக்களுக்கு ஒரு தடவையும் நிற்கவில்லை. தள்ளுபடியில் தனியாக வாங்கிய மற்றொன்று இரண்டாவது தோட்டாவிலேயே நின்றது. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல் உதடு ஒரு பக்கம் விரிந்திருந்தது.